சதையி வேறு, கணையம் வேறா?

தம்பலகாமத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அப்பாவுக்கு ஸ்கான் எடுத்தோம். 'சதையியில் வீக்கம்' என்றார்கள். இந்தியக் காணொளிகளில் கணையம் என்று கதைக்கிறார்கள். றிப்போட்டை வாசித்துச் சொன்ன ஒருவர், இரண்டும் வேறு, கணையத்துக்குத் தனி ஸ்கான் வேண்டும் என்கிறார். உண்மையா?"

இல்லை, தங்கச்சி. உறுப்பு ஒன்றுதான். இரைப்பைக்குப் பின்னால் குறுக்காகக் கிடக்கும். ஒரு சாண் நீளம்கூட வராது. இன்சுலின் சுரப்பது அதுதான். நம் இலங்கைப் பள்ளிப் புத்தகத்தில் சதையி, தமிழ்நாட்டில் கணையம், றிப்போட்டில் பாங்கிரியாஸ். இந்தக் கடைசிச் சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. 'முழுக்கச் சதை' என்று பொருள். நம் சதையியும் அதே கருத்துத்தான். கணையம் என்றால் பழந்தமிழில் கதவின் குறுக்குமரம். உறுப்பும் குறுக்கே கிடக்கிறதே என்று உடனே முடிச்சுப் போட வேண்டாம். பொருத்தம் அழகாக இருந்தால் மட்டும் அது சொற்பிறப்பு ஆகிவிடாது.

உடலின் நுண்ணிய அலகான 'செல்' நம்மிடம் 'கலம்' ஆனதும் இப்படித்தான், ஒன்றுக்கே இரண்டு பெயர். அதனால் யாருக்கும் கேடில்லை. சதையியில்தான் வில்லங்கம். 'சதையியில் வீக்கம்' என்பதை வேகமாகச் சொன்னால் 'சதையில் வீக்கம்' என்றே காதில் விழும். ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். தசை பிடித்துக்கொண்டது என்று நினைத்து, எண்ணெய் போட்டு வயிற்றை உருவிவிட்டு வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். அப்பாவை அப்படி எங்கும் கொண்டுபோக வேண்டாம்.

அப்புறம், அந்த வாசித்துச் சொன்னவர். ஆஸ்பத்திரி வாசலில் துண்டு வாசித்துக் காசு வாங்குபவர்களில் சிலர் ஸ்கான் நிலையத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்தும் கொமிஷன் எடுக்கிறார்கள். ஒரே உறுப்புக்கு இரண்டு பெயர் இருப்பது அவர்களுக்கு நல்ல வியாபாரம். டொக்டர் மறு ஸ்கான் கேட்டால் எடுக்கத்தான் வேண்டும். அதுவும் இதே உறுப்புக்குத்தான்.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார், நூல்களையும் தமிழில் ஆக்கினார். இன்றைக்கு மூன்று மொழியில் பெயர்ப்பலகை வைக்கிறோம். நோயாளி கையில் கொடுக்கும் றிப்போட் மட்டும் ஆங்கிலத்தில். பிறகு வாசலில் ஆள் நிற்காமல் என்ன செய்வான்?

சரி, அடுத்த கிளினிக்குக்குத் துண்டைக் கொண்டுபோய், பாங்கிரியாஸ் என்று எழுதிய இடத்தைக் காட்டி, வீக்கம் எதனால், சாப்பாட்டில் எதை விட வேண்டும் என்று டொக்டரிடமே கேளுங்கள். இரண்டாவது ஸ்கானுக்கு முற்பணம் கட்டியிருந்தால் திருப்பி வாங்குங்கள்.