ஜிடி3-ஐக் கொடுத்துட்டு 720எஸ் வாங்கலாமா?

வணக்கம் நண்பரே. உங்க மேனுவல் கியர் போர்ஷே 911 ஜிடி3 ஸ்போர்ட்ஸ் காரை வித்துட்டு மெக்லாரன் 720எஸ் வாங்கலாமான்னு கேட்டிருக்கீங்க. அவசரப்படாதீங்க.

720 குதிரைத்திறன், 2.9 நொடியில 100 கி.மீ. வேகம். மிரட்டும் வண்டிதான், சந்தேகமே இல்லை. ஆனா டர்போ (எஞ்சினுக்குள்ள காத்தை அழுத்தித் தள்ளுற கருவி) வச்ச அந்த எட்டு சிலிண்டர் வி8 வண்டியில கிளட்ச் மிதியே கிடையாது. உங்க ஜிடி3-யோட 4 லிட்டர் எஞ்சின் டர்போ இல்லாமலே 9,000 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 9,000 சுத்து) வரைக்கும் அலறிக்கிட்டு ஏறும். அந்த உச்சியில கிளட்சை மிதிச்சு, மூணாவது கியரை உங்க கையாலயே தள்ளுறீங்களே, அந்தச் சுகம் 720எஸ்-ல வராது.

அடிக்கடி ரேஸ் டிராக்குக்குப் போறவரா இருந்தா தாராளமா மாத்துங்கன்னு சொல்லியிருப்பேன். நீங்க எழுதியிருக்கிறது ஞாயித்துக்கிழமை காலையில மலைச்சாலை. அங்கே 720எஸ்-ஓட முழு பலத்தைத் தொடவே வழியில்லை. ஜிடி3-தான் பொருத்தம். மனசு கேட்கலைன்னா, ஒருநாள் 720எஸ்-ஐ வாடகைக்கு எடுத்து அதே சாலையில ஓட்டிப் பாருங்க. அதுவரைக்கும் முன்பணம் எதுவும் கட்டாதீங்க.