பி.காமா, பி.காம் சி.ஏ.வா, பி.பி.ஏ.வா?

கும்பகோணம் பக்கம் பிளஸ் டூவில் காமர்ஸ் முடித்த தங்கைக்குக் கணக்குத் துறையில் போக ஆசை, எந்தப் பட்டம் எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பி.காம் சி.ஏ. என்பதில் உள்ள சி.ஏ. ஆடிட்டர் படிப்பு இல்லை, கம்ப்யூட்டர் அப்ளிகேஷன். சேர்ந்த பிறகு இது தெரிந்து கண் கலங்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதுவும் நல்ல படிப்புதான், ஆனால் கணக்கியல் தாள்களின் இடத்தைக் கணினித் தாள்கள் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். பி.பி.ஏ. நிர்வாகப் பக்கம் சாயும்.

என் தேர்வு சாதாரண பி.காம்தான். கும்பகோணத்தில் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், செலவும் குறைவு.

ஆடிட்டர் ஆக வேண்டுமென்றால் இரண்டு வழி. பிளஸ் டூ முடித்ததும் சி.ஏ. படிப்பின் முதல் நிலைத் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதலாம். அல்லது பி.காமில் 55 சதவீதம் எடுத்து, நேராக அடுத்த நிலையான இன்டர்மீடியட் போகலாம். 2023-இல் வந்த புதிய சி.ஏ. திட்டத்தில் ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டரிடம் வேலைப் பயிற்சி, 2 வருடம். உதவித்தொகை சிறிது, படிப்பு கடினம். வீட்டில் பொறுத்திருக்க முடியுமா என்று இப்போதே பேசிவிடுங்கள்.

எதில் சேர்ந்தாலும் விடுமுறையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்திலோ அரிசி ஆலையிலோ உட்காரச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு, பாஸ்புக்கில் 18,500, அலுவலகக் கணக்குப் பேரேட்டில் 20,000 ரூபாய் என்று இருக்கும். வித்தியாசமான அந்த 1,500, வங்கியில் போட்டு இன்னும் பாஸாகாத காசோலை என்று அவளே பில் கட்டைப் புரட்டிக் கண்டுபிடிக்கட்டும். அதில் அவளுக்கு மகிழ்ச்சி வந்தால், தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.