சிகாகோ பனிப்புயல், 2011: அன்று ராத்திரி நான் பார்த்தது

வேலைக்காகச் சிகாகோ போகிறேன், அங்கே பனிப்புயல் வந்தால் எப்படி இருக்கும், அனுபவித்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். 2011 பிப்ரவரி 1, 2 தேதிகளில் அடித்த பெரிய புயலின்போது நான் அங்கேதான் இருந்தேன். பயப்பட வேண்டியது பனிக்கு அல்ல, காற்றுக்கு.

அந்தப் புயலில் ஓஹேர் விமான நிலையத்தில் பதிவான பனி 21.2 அங்குலம், கிட்டத்தட்ட 54 சென்டிமீட்டர். வெறுமனே கொட்டினால் அதைக்கூட அள்ளிப் போட்டுவிடலாம். ஆனால் மிச்சிகன் ஏரிப் பக்கமிருந்து மணிக்கு 60 மைலையும் தாண்டிக் காற்று அடித்தது. விழுகிற பனி ஒரு பக்கம், ஏற்கெனவே விழுந்து கிடந்த பனியைக் காற்று கிளப்பி முகத்தில் அடிப்பது இன்னொரு பக்கம். எதிரே நிற்கிற கட்டடம் கண்ணுக்குத் தெரியவில்லை. நடுவில் இடி இடித்தது! பனி கொட்டும்போது மின்னலும் இடியும் வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. வானம் முழுக்க ஒரு நொடி ஊதா நிறமாகி அணைந்தது, ஜன்னல் அதிர்ந்தது. மகள் வந்து கட்டிக்கொண்டாள்.

அன்று மதியத்துக்கு மேல் ஆபீஸ்கள் எல்லாம் சீக்கிரமே ஆட்களை அனுப்பிவிட்டன. நான் ரெட் லைன் ரயிலில் வந்துவிட்டேன், நிற்க இடமில்லாத கூட்டம், இருந்தாலும் வீடு சேர்ந்தாயிற்று. எங்கள் ஆபீஸில் இருந்த மதுரைக்கார நண்பர் காரில் லேக் ஷோர் டிரைவ் வழியாகக் கிளம்பினார். அது ஏரிக் கரையை ஒட்டியே போகிற சாலை, நடுவே கான்கிரீட் தடுப்பு, இறங்கும் வழிகளும் தள்ளித் தள்ளித்தான் இருக்கும். முன்னால் பேருந்தும் கார்களும் மோதி வழி அடைத்துக்கொண்டது. பின்னால் வந்த வண்டிகள் வரிசையாக நின்றன, திரும்பிப் போக வழியில்லை, பனி அள்ளும் வண்டியும் உள்ளே நுழைய முடியவில்லை. இரவு 8 மணி வாக்கில் மாநகராட்சி சாலையை மூடியபோது சுமார் 900 வண்டிகள் உள்ளே மாட்டியிருந்தன.

நண்பரின் மனைவி எங்களுக்கு போன் மேல் போன். "அண்ணா, அவர்ட்ட பேசினீங்களா, போன் எடுக்க மாட்டேங்கிறாரே" என்று அழுதுகொண்டே கேட்டார். சார்ஜ் தீர்ந்துவிடும் என்று அவர் போனை அணைத்து வைத்திருந்தார். எஞ்சின் இடுக்கெல்லாம் பனி புகுந்து கார் நின்றுபோனதாம். நடுராத்திரிக்கு மேல் தீயணைப்பு வீரர்கள் நடந்தே வந்து, ஆளை ஆள் பிடித்துக்கொண்டு கூட்டிப்போய், அங்கேயே மாட்டியிருந்த ஒரு பேருந்தில் ஏற்றியிருக்கிறார்கள். முகம் தெரியாத ஒரு பெண்மணி தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்ததை அவர் இன்றும் சொல்வார். விடிந்துதான் வீடு வந்தார். கார் எங்கே இழுத்துப்போய் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க அப்புறம் தனி அலைச்சல்.

எங்கள் வீட்டு ஓனர் பாட்டி 1967 ஜனவரிப் புயலைப் பார்த்தவர். அப்போது 23 அங்குலம், இன்றுவரை சிகாகோவில் அதுதான் அதிகம். அதற்கு இரண்டு நாள் முன்புதான் வெயில் 65 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டதாம், ஜனவரியில்! 1979 பனிக்காலத்தில் தெருக்களைச் சுத்தம் செய்ய முடியாமல் திணறியதால்தான் மேயர் பிலாண்டிக், அடுத்து மேயர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க அவர் கட்சிக்குள் நடந்த தேர்தலில் ஜேன் பைர்னிடம் தோற்றார் என்றும் பாட்டி சொல்வார். அந்த ஊரில் பனி அள்ளுவது அரசியல். 2011க்குப் பிறகு லேக் ஷோர் டிரைவின் நடுத் தடுப்பில் அவசரத்துக்குத் திறக்கிற மாதிரி வழி வைத்தார்கள், அது நல்ல காரியம்.

இன்னொன்று. புயல் முடிந்த மறுநாள் தெருவில் பழைய நாற்காலி, இஸ்திரிப் பலகை எல்லாம் நிற்கும். மணிக்கணக்காகப் பனி அள்ளி ஒருவர் தன் காருக்குச் சுத்தம் செய்த இடம் அது. தயவுசெய்து அதை நகர்த்திவிட்டு உங்கள் காரை விடாதீர்கள், முதுகு ஒடிய அள்ளியவருக்குத்தான் அந்த வலி தெரியும்.

எச்சரிக்கை வந்துவிட்டால் முதல் நாளே பால், அரிசி, மாத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், காரை எடுக்காதீர்கள். ஆபீஸில் என்ன சொன்னாலும் சரி. எப்படியோ காரில் மாட்டிக்கொண்டால் இறங்கி நடக்க வேண்டாம், பத்தடியில் திசை தெரியாமல் போய்விடும். ஹீட்டருக்காக எஞ்சினைப் போடுவதற்கு முன் பின்னால் புகைக்குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்று பார்த்துத் தோண்டிவிடுங்கள், ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள், விட்டு விட்டுப் போடுங்கள். குழாய் அடைத்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், அதற்கு வாசனையே கிடையாது. நண்பருக்கு இதைச் சொன்னது பக்கத்துக் காரில் இருந்த ஒரு டிரைவர்தான்.