மலையில் பூண்டு: பிரியாத பல், வேகாத பல், பச்சையாகிப்போன ஊறுகாய்

கேள்வி: மதுரையிலிருந்து கோத்தகிரிக்குக் குடிவந்திருக்கிறோம். வீட்டில் மீந்த சின்னச் சின்னப் பூண்டுப் பற்களை ஏப்ரலில் தொட்டிகளில் நட்டேன். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து மண்ணைத்தான் நிரப்பியிருந்தேன். தாள் ஓரளவு வந்தது. பிடுங்கிப் பார்த்தால் சின்ன வெங்காயம் மாதிரி ஒரே உருண்டை, பல்லே பிரியவில்லை. இன்னொன்று, இங்கே பூண்டுக் குழம்பு வைத்தால் எவ்வளவு கொதித்தாலும் பூண்டு நறுக் நறுக்கென்றே இருக்கிறது. எலுமிச்சை பிழிந்து போட்ட பூண்டு ஊறுகாயோ சில நாளிலேயே பச்சையும் நீலமுமாக மாறிவிட்டது. கொட்டிவிடட்டுமா?

பதில்: ஊறுகாயைக் கொட்ட வேண்டாம். முதலில் மூடியைத் திறந்து பாருங்கள். மேலே பஞ்சு போல பூஞ்சணம் படர்ந்திருந்தாலோ, கெட்ட வாடை அடித்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள். அப்படி எதுவும் இல்லாமல் பூண்டுப் பல் மட்டும் பச்சையாகவோ நீலமாகவோ மாறியிருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம். ருசியும் கெடாது.

பூண்டை நறுக்கும்போது அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் ஒரு நொதியோடு கலந்து மாறுகின்றன. அங்கே புளிப்பும் இருந்தால், அவை பூண்டின் அமினோ அமிலங்களோடு சேர்ந்து நிறமிகளாகிவிடும். அதுதான் நீங்கள் பார்த்த பச்சை. குளிரில் பல வாரம் இருந்த பூண்டில் இந்த நிறத்துக்கான மூலப்பொருள் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். மதுரையில் உங்கள் சமையலறைக் கூடையில் இருந்த பூண்டுக்கு அந்தக் குளிர் கிடைத்திருக்காது. கோத்தகிரியிலோ அலமாரியே பாதிக் குளிர்பெட்டிதான். வடசீனாவில் இந்த நிறத்துக்காகவே குளிரில் இருந்த பூண்டை வினிகரில் ஊறவைத்து, பச்சைப் பசேல் என்று ஆன பிறகு புத்தாண்டுச் சமயத்தில் சாப்பிடுகிறார்கள். லாபா பூண்டு என்று அதற்குப் பெயர்.

உங்களுக்கு வெள்ளை ஊறுகாய்தான் வேண்டுமென்றால், உரித்த பற்களை நல்லெண்ணெயில் நன்றாக வதக்குங்கள் அல்லது ஆவியில் வேகவையுங்கள். அதன் பிறகு எலுமிச்சைச் சாறு சேருங்கள். சூட்டில் அந்த நொதி செயலிழந்துவிடும், நிறமும் மாறாது.

ஊறுகாய் என்றதும் ஒரு எச்சரிக்கை. வேகவைக்காத பூண்டை உரித்து, புளிப்பே சேர்க்காமல் எண்ணெயில் மூழ்கவைத்து மேடைமேல் வைக்கும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். மண்ணிலிருந்து பூண்டோடு ஒட்டி வரும் பொட்டுலிசம் கிருமியின் வித்துகள், காற்றுப் புகாத, புளிப்பில்லாத அந்த எண்ணெய்க்குள் வளர்ந்து கொடிய நஞ்சை உண்டாக்கும். வாடையோ நிறமோ மாறாததால் கண்டுபிடிக்கவும் முடியாது. 1985-ல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட பலர் இப்படி எண்ணெயில் வைத்த பூண்டால்தான் பாதிக்கப்பட்டார்கள். எண்ணெய்ப் பூண்டு செய்தால் உடனே ஃபிரிட்ஜில் வைத்து, நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். மலைத்தேனில் ஊறவைத்த பூண்டு உங்கள் ஊரில் கிடைக்கும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு அதை நாக்கில் தடவக்கூடக் கொடுக்கக் கூடாது. தேன் தனியாக இருந்தாலும் அப்படித்தான், அதிலும் அதே கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும்.

இனி குழம்புக்கு வருவோம். கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 94 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும். எவ்வளவு தளதளவென்று கொதித்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. மதுரையில் வெந்த நேரத்தில் இங்கே வேகாததற்கு ஒரு காரணம் அது. இன்னொரு காரணம் புளி. புளிப்பான நீரில் காய்களும் பூண்டும் சீக்கிரம் மெத்தென்று ஆகாது. இரண்டும் சேர்ந்தால் பூண்டு கடைசிவரை கடிபடத்தான் செய்யும். அதனால் புளியைக் கரைத்து ஊற்றுவதற்கு முன்பே பூண்டு வெந்திருக்க வேண்டும். நல்லெண்ணெய் காய்ந்ததும் தீயைக் குறைத்து முழுப் பற்களைப் போட்டு, ஒரு சிட்டிகை உப்பும் ஒரு கை தண்ணீரும் தெளித்து மூடிவையுங்கள். விரலால் அழுத்தினால் நசுங்குகிறதா என்று பார்த்து, அப்புறம் வெங்காயம், தக்காளி, மசாலா, கடைசியாகப் புளி. அவசரமென்றால் குக்கரில் ஒரு விசில் விட்டு எடுத்த பற்களைக் குழம்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

தீயைக் குறைக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பூண்டில் மாவுச்சத்து கிடையாது என்றே சொல்லிவிடலாம். இருப்பது பெரும்பாலும் சர்க்கரை வகைச் சத்து. வெங்காயம் பொன்னிறமாகும் நேரத்தில் நறுக்கிய பூண்டு கருகிவிடும், கருகினால் கசக்கும். அந்தக் கசப்பைப் பிறகு என்ன போட்டும் மறைக்க முடியாது. வெங்காயம் பாதி வதங்கிய பிறகே நசுக்கிய பூண்டைப் போடுங்கள்.

ரசத்துக்கு நேர்மாறான கவனம் வேண்டும். காரமும் மணமும் பூண்டை நசுக்கிய பிறகுதான் பிறக்கின்றன. முழுப் பல்லை அப்படியே கொதிநீரில் போட்டால் நொதி அடங்கிவிடும், இனிப்பான மென்மைதான் மிஞ்சும். பூண்டுக் குழம்புக்கும் பூண்டுப் பாலுக்கும் அந்த மென்மைதான் வேண்டும். ரசத்துக்கோ உரலில் தட்டி, பத்து நிமிடம் சும்மா வைத்துவிட்டு, இறக்கும் தறுவாயில் சேருங்கள். மலைப்பூண்டு காரம் அதிகமுள்ளது. சமவெளிக் கணக்கில் போடாமல் கொஞ்சம் குறைத்தே தொடங்குங்கள்.

சரி, தோட்டம். நீங்கள் செய்தவற்றில் மூன்று விஷயங்கள் ஒன்றுசேர்ந்து பூண்டைப் பிரியவிடாமல் செய்துவிட்டன: சின்னப் பல், கோடையில் நட்டது, தேயிலை மண்.

பூண்டுச் செடி பற்களாகப் பிரிய வேண்டுமென்றால், இளம் பருவத்தில் சில வாரம் குளிர் பட வேண்டும். அந்தக் குளிர் படாத செடி, பிறகு வெயில் ஏறியதும் இருக்கிற சத்தையெல்லாம் ஒரே உருண்டையில் சேர்த்துவிடும். பல் மிகச் சிறியதாக இருந்தாலும் இதேதான் நடக்கும், ஏனென்றால் பிரியும் அளவுக்குச் செடி வளர்ந்திருக்காது. நீங்கள் ஏப்ரலில் நட்டதால் டிசம்பர், ஜனவரிக் குளிர் முழுதும் அதற்குக் கிடைக்காமல் போய்விட்டது. கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகைதான் ஏற்ற பருவம். மலையில் ஜூன், ஜூலையிலும் நடுகிறார்கள், அதுவும் வரும். ஆனால் ஒரு தொட்டி, இரண்டு தொட்டி வைப்பவர்களுக்கு அக்டோபர், நவம்பர் நடவையே நான் சொல்வேன். இளம் செடி பனிமாதத்தில் குளிரை வாங்கிக்கொள்ளும், பிப்ரவரி, மார்ச் வெயிலில் பருக்கும். நான்கு முதல் ஐந்து மாதத்தில் பிடுங்கலாம்.

அந்த உருண்டைகளை மட்டும் குழம்பில் போட்டுவிடாதீர்கள். நன்கு காயவைத்து எடுத்து வைத்து, வரும் ஐப்பசியில் அவற்றையே நடுங்கள். சின்னப் பல்லைவிட அவற்றில் சேமிப்பு அதிகம், குளிரும் பட்டால் அழகாகப் பல் பிரிந்த முழுப்பூண்டு தரும். ஒற்றைப் பல் பூண்டைப் பெரிய மருந்து என்று சொல்லி அதிக விலைக்கு விற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது தனிச் செடி அல்ல, உங்கள் தொட்டியில் வந்ததுதான் அது. மற்ற பூண்டை விட்டுவிட்டு அதற்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

விதைப்பூண்டு எதை வாங்குவது என்பதில்தான் பாதி விளைச்சல் இருக்கிறது. நம் மலைகள் நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் பகல்பொழுது ஆண்டு முழுதும் சுமார் 11 மணி 30 நிமிடத்துக்கும் 12 மணி 45 நிமிடத்துக்கும் இடையில்தான் இருக்கும். இமயமலைப் பக்கத்துப் பெரிய பல் பூண்டு வகைகளுக்கு இன்னும் நீண்ட பகல் வேண்டும். இங்கே நட்டால் தாள் மட்டும் வளரும், அடியில் ஒன்றும் இருக்காது. எங்கிருந்து வந்தது என்றே தெரியாத கடைப் பூண்டில் நோய் வரும் ஆபத்தும் உண்டு. பூஞ்சை நோய் அச்சத்தால்தான் 2014-ல் சீனப் பூண்டு இறக்குமதியை நம் நாடு தடை செய்தது. வெள்ளை அழுகல் போன்ற ஒரு நோய் தொட்டி மண்ணிலோ பாத்தியிலோ நுழைந்துவிட்டால், அதன் கடுகுபோன்ற கருமணிகள் 20 ஆண்டு வரைகூட மண்ணில் உயிரோடு கிடக்கும். பூண்டு விதையில் பெருகுவதில்லை, பல்லில்தான் பெருகுகிறது. தாய்ச் செடிக்கு இருந்த நோய் அப்படியே பிள்ளைக்கும் வரும்.

உங்களுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. நீலகிரிப் பூண்டை விதைக்காக வட மாநில வியாபாரிகளே மேட்டுப்பாளையம் மண்டிக்கு வந்து ஏலம் எடுத்துப் போகிறார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஊட்டி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஊட்டி 1 ரகம் 120 முதல் 130 நாளில் வந்துவிடும். கொடைக்கானல் பக்கம் உறவினர் இருந்தால் பூம்பாறையிலோ மன்னவனூரிலோ விளைந்த பூண்டில் கொஞ்சம் கேட்டு வாங்குங்கள். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. எதை வாங்கினாலும் முழுப்பூண்டாக வாங்கி, நடும் அன்று மட்டும் பற்களைப் பிரியுங்கள். தோலை உரிக்கக் கூடாது. வெளிச்சுற்றில் இருக்கும் பருத்த பற்கள் மண்ணுக்கு, உள்ளே இருக்கும் மெலிந்தவை சமையலுக்கு. நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம். பெரிய பல் உரிக்கச் சுலபம் என்று குழம்புக்குப் போகிறது, உரிக்கச் சலிப்பாக இருக்கும் சின்னப் பல் தொட்டிக்குப் போகிறது. ஆண்டுக்காண்டு பூண்டு சிறுத்துப்போவது இதனால்தான்.

தேயிலைக்குப் புளித்த மண் பிடிக்கும். கார அமிலக் குறியீடு 4.5 முதல் 5.5 வரை இருந்தால் அது செழிக்கும். பூண்டுக்கு 6 முதல் 7 வேண்டும். ஆகவே அந்த மண்ணைப் பயன்படுத்துவதானால் நடவுக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே, மண்ணின் புளிப்பைக் குறைக்கும் டோலமைட் சுண்ணாம்புத் தூளைக் கலந்துவிடுங்கள். ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு 200 கிராம் அளவு சரியாக இருக்கும். மக்கிய தொழு உரத்தைத் தாராளமாகச் சேருங்கள். யூரியாவும் மக்காத கோழி எருவும் வேண்டாம். தழைச்சத்து அதிகமானால் உருவாகிவரும் பற்களே மறுபடி முளைத்து, செடி பக்கத்தில் பக்கத்தில் துளிர்விட்டு, பூண்டு உருக்குலைந்துவிடும்.

தொட்டி ஒரு அடி ஆழம் இருந்தால் போதும். கூர்முனை மேலே பார்க்க, நான்கைந்து சென்டிமீட்டர் ஆழத்தில், பல்லுக்குப் பல் 10 சென்டிமீட்டர் விட்டு நடுங்கள். உங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்யும், நடவும் அதே சமயத்தில் வருகிறது. தொட்டியின் அடித்துளை அடைபடாமல் பாருங்கள். தரையில் நட்டால் மேட்டுப்பாத்திதான். சில்வர் ஓக் மர நிழலில் வைக்காதீர்கள். மூடுபனி ஏற்கெனவே வெயிலைக் குறைக்கிறது, மிச்சமுள்ள வெயில் முழுதும் பூண்டுக்குக் கிடைக்க வேண்டும். மழை நின்ற பிறகு மேல்மண் காய்ந்தால் தண்ணீர் ஊற்றுங்கள். இலையில் வெள்ளி நிறக் கீறல் விழுந்தால் இலைப்பேன், வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால் அடங்கும்.

கீழ் இலைகள் பாதி மஞ்சளாகிக் காயும்போது அறுவடை நெருங்கிவிட்டது. அதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுங்கள். பிடுங்கிய செடியைக் கழுவாமல், தாளோடு கட்டி, காற்றோட்டமான நிழலில் இரண்டு, மூன்று வாரம் தொங்கவிடுங்கள். ஃபிரிட்ஜில் மட்டும் வைக்க வேண்டாம். 5 முதல் 18 டிகிரி வரையிலான குளிரில்தான் பூண்டு சீக்கிரம் முளைவிடும், உங்கள் வீட்டு அலமாரியும் மழைக்காலத்தில் ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான் இருக்கும். விறகடுப்பு இருக்கிற வீட்டில் அதன் மேல் பரணில் கட்டித் தொங்கவிடுவது மிக நல்லது. உங்களிடம் கேஸ் அடுப்புதான் என்றால், சமையலறையில் அடுப்புக்கு எதிர்ச்சுவரின் உயரத்தில், ஈரம் படாத ஆணியில் மாட்டுங்கள்.

அடுத்த நடவுக்கான பெரிய பூண்டுகளை அன்றே தனியாகக் கட்டி, மற்றவற்றைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மீந்துபோகும் சின்னப் பற்களை ஒரு பழைய தட்டுத் தொட்டியில் நெருக்கமாக ஊன்றிவிட்டால் எந்த மாதத்திலும் தாள் கிடைக்கும். ஒரு சாண் வளர்ந்ததும் அடியில் கொஞ்சம் விட்டு நறுக்குங்கள், இன்னொரு முறை துளிர்க்கும். பொடியாக அரிந்து தோசை மாவில் கலக்கலாம், துவையலுக்கும் ஆகும்.