வசந்தம் வராத ஊர்

அன்புள்ள அண்ணா,

நான் திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். ஒரு பாடசாலையில் உயிரியல் படிப்பிக்கிறேன். அண்மையில் யூடியூபில் ஒரு காணொளி பார்த்தேன். தம்மூஸ், அதோனிஸ், இயேசு, நம்முடைய காமன் என்று செத்துப் பிழைத்தவர்கள் எல்லாருக்கும் ஒரே கதைதானாம். பனிக்காலத்தில் பட்டுப்போன செடி வசந்தத்தில் தளிர்த்ததைப் பார்த்து ஆதி மனிதன் கட்டிய கதை, மதமே அதிலிருந்து வந்ததுதான் என்று முடித்தார்கள். எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. ஆனால் என் அம்மா முழங்கால் நோவோடு வெள்ளிக்கிழமை தவறாமல் கோணேசர் மலை ஏறுகிறார். அவருடைய நம்பிக்கை, பருவகாலத்தைப் பிழையாக விளங்கிக்கொண்டது மட்டும்தானா? நீங்கள் நம்புகிறீர்களா, இல்லையா? மழுப்பாமல் எழுதுங்கள்.

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

முதலில் யன்னலைத் திறந்து பாருங்கள். உவர்மலையில் எங்கே வசந்தம்?

பங்குனி வந்தால் நமக்குப் பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்திருக்கும். கிணற்றில் தண்ணீர் இறங்கத் தொடங்கும். வேம்பு பூக்கும், மா பிஞ்சு பிடிக்கும், சித்திரையில் கொன்றை தொங்கும். அழகுதான். ஆனால் செத்தது எழும்புகிற காலம் அதுவா? அதற்குப் பிறகுதானே சாவே தொடங்குகிறது. கச்சான் காற்று அடிக்க அடிக்க நிலம் வெடித்து, ஆவணி புரட்டாதியில் புல்லில் கால் வைத்தால் நொறுங்கும். (வெளியூர் வாசகர்களுக்கு: இது வறுத்துத் தின்கிற கச்சான் இல்லை, தென்மேற்கிலிருந்து வருகிற வெக்கைக் காற்று.) ஐப்பசியில் மழை விழுந்த பிறகு பாருங்கள். அதுவரை எங்கே கிடந்தன என்றே தெரியாத தவளைகள் இரவு முழுக்கக் கத்தும். வெல்வெட் துணியில் வெட்டி எடுத்ததுபோல தம்பலப்பூச்சி மணலில் ஊரும். உயிர்த்தெழுதல் என்று ஒன்று நம் ஊரில் இருந்தால் அது மழையோடு வருகிறது. உயிரியல் ஆசிரியருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

காணொளியில் சொன்ன தம்மூஸையே எடுத்துக்கொள்ளுங்கள். மெசொப்பொத்தேமியாவின் தெய்வம். அவர் பெயரில் இருக்கிற மாதம் யூன் யூலையில் வரும். ஈராக்கிலும் துருக்கியிலும் யூலைக்கு இன்றைக்கும் அதுதான் பெயர். பெண்கள் அவருக்காக ஒப்பாரி வைத்தது உச்ச வெயிலில். அங்கே கொல்லுவது வெயில், பனி இல்லை. பனி நாட்டிலிருந்து பார்த்தவர்கள் எல்லா ஊருக்கும் தங்கள் பனியைப் பொழிந்துவிட்டார்கள். 1890இலிருந்து ஜேம்ஸ் ஃபிரேசர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் பிரபலமாக்கிய சரக்கு இது. அவர் பெரிய படிப்பாளி, அதை மறுக்கவில்லை.

கிரேக்கரின் அதோனிஸ் கதை இன்னும் சுவையானது. ஏதென்ஸ் பெண்கள் அவருக்காகக் கோடையில் உடைந்த சட்டிகளில் மண் போட்டுக் கீரை விதையும் சோம்பும் தூவி, கூரையில் கொண்டுபோய் வைப்பார்கள். விறுவிறென்று முளைக்கும், வெயிலில் வாடிவிடும். பிறகு கொண்டுபோய்க் கடலில் போடுவார்கள். இதை முதன்முதலில் வாசித்தபோது எனக்கு எங்கள் ஒழுங்கைக் கும்பக் கொட்டகைதான் ஞாபகம் வந்தது. அங்கிருந்து இங்கே வந்தது என்று கதை கட்ட நான் தயாரில்லை. ஆனால் கும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் எழுதவேண்டும்.

நவராத்திரிக்குக் கொலு வைக்கிற ஊர்கள் பல. திருகோணமலையில் நாம் கும்பம் வைக்கிறோம். எனக்கு ஒன்பது வயதில் எங்கள் கொட்டகைக்கு மணல் அள்ளிவரும் வேலை கிடைத்தது. கிடுகு மறைப்புக்குள் கும்பத்தைச் சுற்றி மணல் பரப்பி, ஊறவைத்த நவதானியம் தூவுவார்கள். சும்மா எட்டிப் பார்க்க விடமாட்டார்கள். நான் பார்த்தேன். மூன்றாம் நாள் பயறு தலையை நீட்டியிருந்தது, கொண்டை ஊசி மாதிரி வளைந்து. வெளிச்சம் படாததால் முளை பச்சையாக இல்லை, வெளிறிய மஞ்சள். சாம்பிராணிப் புகைக்குள் ஈர மணலும் ஊறிய கடலையும் சேர்ந்து ஒரு வாசம். பத்தாம் நாள் இரவு வேப்பிலை வைத்துக் கட்டிய கும்பத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு உடுக்கும் பறையுமாக ஊர் சுற்றுவார்கள். ஆளுயரக் கும்பங்களும் உண்டு.

இது நடப்பது எப்போது? புரட்டாதியில். வெளியே ஒரு புல் உயிரோடு இல்லாத நேரம். ஐப்பசி மழை இன்னும் வரவில்லை, வருமா என்பதும் தெரியாது. நிலம் தளிர்த்ததைப் பார்த்துவிட்டுக் கொண்டாடுகிறார்கள் என்றால் உங்கள் காணொளிக்காரர் சொல்வது பொருந்தும். நம் ஆட்கள் தளிர்ப்பதற்கு முன்பே, இருட்டுக்குள், கைவசமிருந்த தண்ணீரை ஊற்றி முளைக்கவைத்துக் காட்டுகிறார்கள். யாருக்குக் காட்டுகிறார்கள் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள்.

அம்மா ஏறுகிற மலையிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் பறங்கியர் (போர்த்துக்கேயர்) கோணேசர் கோயிலை இடித்தார்கள். கற்களைக் கோட்டைக்கு எடுத்தார்கள். 1950இல் தண்ணீருக்குக் கிணறு வெட்டியபோது சோமாஸ்கந்தரும் அம்பாளும் சந்திரசேகரரும் மண்ணுக்குள்ளிருந்து வந்தார்கள். 1963இல் கும்பாபிஷேகம். எனக்கு இதில் எடுத்தவர்களைவிடப் புதைத்தவர்கள்மேல்தான் யோசனை போகும். கடல் பக்கத்தில்தானே இருந்தது, தள்ளிவிட்டு ஓடியிருக்கலாம். குழி வெட்டி, மண் மூடியிருக்கிறார்கள். திரும்ப எடுக்கலாம் என்று நினைத்த யாரோ ஒருவர் செய்த வேலை அது. அவர் எடுக்கவில்லை.

ஈஸ்டரைப் பற்றி நீண்டு எழுதத் தேவையில்லை. அது பங்குனி உத்தரத்துக்குப் பக்கத்தில் வருவதில் மர்மம் இல்லை, இரண்டும் பெரும்பாலும் ஒரே பௌர்ணமியைப் பிடித்துக்கொண்டு நடப்பவை. 2024இல் உத்தரம் மார்ச் 25, ஈஸ்டர் மார்ச் 31. காமனைப் பற்றி மட்டும் ஒன்று. தஞ்சாவூர்ப் பக்கம் லாவணிக்காரர்கள் காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று ஒரு கட்சியுமாக விடிய விடியப் பாடுவார்கள். நீங்கள் எரிந்த கட்சி. அம்மாவை எரியாத கட்சியில் இருத்திவிட்டு என்னிடம் தீர்ப்புக் கேட்கிறீர்கள். அம்மா அந்த மேடையிலேயே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

குறுந்தொகையில் 21ஆம் பாட்டு. மழைக்காலத்தில் திரும்பி வருவேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை. கொன்றை பூத்துவிட்டது. கார்காலம் வந்துவிட்டது என்று காடே சொல்கிறது. அவள் சொல்கிறாள்: காடு சொன்னாலும் நான் நம்பமாட்டேன், அவர் பொய் சொல்கிறவர் இல்லை. உயிரியல் படி அவள் சொல்வது பிழை. அவளுக்கும் அது தெரிந்திருக்கும்.

இந்தப் பாட்டைக் கல்லூரியில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது சிரிக்க முடிவதில்லை, என் பெரியம்மாவால். 1990இல் அவருடைய மகன் கடைக்கென்று சைக்கிளில் போனார். அவ்வளவுதான். மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்று சொந்தக்காரர் சொன்னார்கள், எடுக்கவில்லை. அந்தியேட்டி செய்யவில்லை, திவசம் கிடையாது. ஒவ்வொரு மாதமும் அவர் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை. உயிரோடு இருக்கிறவர்களுக்குச் செய்கிற அர்ச்சனை. அண்ணன் வருவார் என்று பெரியம்மா ஒருநாளும் சொன்னதில்லை. நம்புகிறீர்களா என்று நான் கேட்டதுமில்லை, கேட்கிற துணிவு இல்லை. இந்த நம்பிக்கை அவரைத் தாங்குகிறது என்று எழுதவும் தயக்கமாக இருக்கிறது. சில நாட்களில் அது அவரைத் தின்றதையும் பார்த்திருக்கிறேன்.

நான் நம்புகிறேனா என்றால், இல்லை. மழுப்பவில்லை.

போன மாதம் பெரியம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். அவருக்குக் கண் மங்கல், அதனால் அர்ச்சனைத் துண்டு வாங்க என்னை அனுப்பினார். சனம். அரை மணித்தியாலம் நின்று வாங்கிக்கொண்டு வந்து வாசித்துக் காட்டினேன். பெயர் சரி. நட்சத்திரம் உத்தரட்டாதி என்று எழுதியிருந்தது.

“ரேவதி” என்றார் பெரியம்மா. “மாத்திக்கொண்டு வா.”

திரும்பப் போய் வரிசையில் நின்றேன்.