நூலகம் எத்தனை மணி வரை என்பதை விடுதி மாணவியிடம் கேளுங்கள்

கேள்வி: என் கணவர் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். எங்கள் ஒரே மகளுக்கு, பெங்களூரில் கத்தோலிக்கத் துறவற சபை ஒன்று நடத்தும் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். கட்டடங்களையும் பூந்தோட்டத்தையும் விளையாட்டுத் திடலையும் பார்த்ததிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. என் மாமியாரோ, "பொட்டை அழிக்கச் சொல்வார்கள், சர்ச்சுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள்" என்று அழுகிறார். கோரிமேட்டு அரசு மகளிர் கல்லூரிக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறோம். எதைப் பார்த்து முடிவு செய்வது? அங்கே கொலுசு போட விடுவார்களா என்றும் மகள் கேட்கச் சொன்னாள்.
– ஒரு தாய், சேலம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, பல்கலைக்கழகத்தின் பெயரை நீங்கள் எழுதியிருந்தாலும் அதை இங்கே வெளியிடவில்லை. நான் சொல்லப்போவது எந்தக் கத்தோலிக்க வளாகத்துக்கும் பொருந்தும் என்பதால் அந்தப் பெயர் இல்லாததால் குறை ஒன்றும் இல்லை.

முதலில் உங்கள் மாமியாரின் பயத்தைத் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் அது தீராமல் வீட்டில் வேறு எதையும் நிதானமாகப் பேச முடியாது. அரசின் அங்கீகாரம் பெற்ற எந்தக் கல்வி நிறுவனத்திலும், மாணவரின் சம்மதம் இல்லாமல், அவர் வயது வராதவர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் இல்லாமல், சமய போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்லக்கூடாது என்று நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 28-ஆவது பிரிவின் மூன்றாவது உட்பிரிவு சொல்கிறது. திருச்சபையின் நிலையும் இதற்கு மாறானதன்று. கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்கென்று திருத்தந்தை (போப்பாண்டவர்) இரண்டாம் யோவான் பவுல் 1990-இல் வெளியிட்ட ஆவணம், அங்கே உள்ள ஒவ்வொருவரின் மனச்சான்றுச் சுதந்திரமும் முழுமையாக மதிக்கப்பட வேண்டும் என்று விதியாகவே எழுதி வைத்திருக்கிறது. நடைமுறையில் உங்கள் மகள் அங்கே காணக்கூடியவை இவ்வளவுதான்: காலையில் ஒலிபெருக்கியில் ஒரு சிறு பிரார்த்தனை, வளாகத்துக்குள் ஒரு சிற்றாலயம், மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமையிலும் விழா நாட்களிலும் கத்தோலிக்க மாணவர்கள் போகும் திருப்பலி வழிபாடு, அவர்கள் மறைக்கல்விக்கு, அதாவது தங்கள் சமய வகுப்புக்கு, போகும் நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. நம் சேர்வராயன் மலையையே பாருங்கள். ஏற்காட்டில் மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917-இல் தொடங்கியது. குளூனி சபைச் சகோதரிகளின் கான்வென்ட் அதற்கும் முந்தையது. சேலத்து இந்துக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போய்ப் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு வந்திருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் பொட்டோடு போய்ப் பொட்டோடுதான் திரும்பி வந்தார்கள் என்பதை, அங்கே படித்தவர் யாராவது உங்கள் உறவில் இருந்தால், அவரை அழைத்து மாமியாரிடமே சொல்லச் சொல்லுங்கள். என் எழுத்தைவிட அவர் பேச்சுக்குத்தான் வீட்டில் மதிப்பு இருக்கும்.

மதத்தைப் பற்றி வேண்டியதில்லாத கவலையை, விதிகளைப் பற்றிப் படுங்கள் என்பேன். சபைகள் நடத்தும் நிறுவனங்களில் ஒழுங்கு கடுமையாக இருக்கும். அது அவர்களுடைய வாழ்க்கை முறையிலிருந்தே வருவது. மணியடித்தால் எழுவதும் மணியடித்தால் பேச்சை நிறுத்துவதும் துறவிகளுக்குப் பழக்கமானவை. அதோடு, கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உள்ள வித்தியாசத்தையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கோரிமேட்டில் படித்தால் பாடம் நடத்துவது கல்லூரி, பட்டம் தருவது பெரியார் பல்கலைக்கழகம். பெங்களூரிலோ ஒரு காலத்தில் கல்லூரிகளாக இருந்தவையே பல்கலைக்கழகங்களாக வளர்ந்திருக்கின்றன. 1969-இல் கல்லூரியாகத் தொடங்கிய கிறைஸ்ட் 2008-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. இயேசு சபையார் நடத்தும், 1882-இல் தொடங்கிய புனித சூசையப்பர் கல்லூரி 2022-இல் பல்கலைக்கழகம் ஆனது. இப்படிப்பட்ட இடங்களில் பாடத்திட்டம் வகுப்பதும், கற்பிப்பதும், வினாத்தாள் எடுப்பதும், திருத்துவதும், வருகைப் பதிவை வைத்துத் தேர்வெழுத விடலாமா என்று முடிவு செய்வதும் ஒரே நிர்வாகம்தான். நல்ல நிர்வாகமாக இருந்தால் படிப்பு உயிரோட்டத்தோடு இருக்கும், முடிவுகளும் விரைவில் வரும். ஆனால் ஒரு விதி உங்கள் மகளுக்கு ஒத்துவராவிட்டால் மேலே போய் முறையிடும் வழி சுருங்கிவிடும். மாணவர் குறைதீர்க்கும் குழுவும் அதற்கு மேல் ஒரு குறைதீர்ப்பாளரும் இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2023-இல் ஒழுங்குமுறை கொண்டுவந்திருக்கிறது. அவர்கள் யார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி வசதிகளுக்கு வருகிறேன். இதைத்தான் மனதில் நன்றாகப் பதிய வைக்க விரும்புகிறேன். நீங்கள் பார்த்த நூலகமும் திடலும் கணினிக் கூடமும் உண்மையானவைதான். ஆனால் ஒரு வசதி உங்கள் மகளுக்கு எவ்வளவு வசதி என்பது, அது திறந்திருக்கும் நேரமும் அவள் விடுதியிலிருந்து வெளியே வரக்கூடிய நேரமும் எத்தனை மணி நேரம் ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்பதைப் பொறுத்தது. இதை நான் அனுபவித்தே சொல்கிறேன். முதுகலை படிக்க ஒரு கல்லூரி விடுதியில் தங்கியிருந்தபோது, எங்கள் நூலகம் இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும். மாணவியர் விடுதியின் வாயிற்கதவோ ஆறரைக்குப் பூட்டப்படும். ஐந்து மணிக்கு வகுப்பு முடிந்து, முகம் கழுவி, ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டுப் போனால், இரவல் புத்தகத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து அது அலமாரியிலிருந்து எடுத்து வரப்படுவதற்குள் ஆறு மணி ஆகிவிடும். ஆறேகாலுக்கு ஓட வேண்டும். மொட்டை மாடியில் துணி எடுக்கப் போகும்போது நூலகத்துக் குழல்விளக்குகளும் அதன் கீழ் வரிசையாகக் குனிந்திருக்கும் எங்கள் வகுப்புப் பையன்களின் தலைகளும் தெரியும். இரண்டு ஆண்டுகளும் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. அந்தக் கல்லூரியின் விவரப் புத்தகத்தில் நூலகத்தைப் பற்றி எழுதியிருந்த ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

ஆகையால் அங்கே போகும்போது "நூலகம் எத்தனை மணி வரை?" என்று அலுவலகத்தில் கேட்பதோடு நில்லாதீர்கள். "விடுதி மாணவி எத்தனை மணி வரை நூலகத்தில் இருக்கலாம், அதற்குத் தனியாக அனுமதிச் சீட்டு வேண்டுமா, தேர்வுக் காலத்தில் நேரம் நீட்டிக்கப்படுமா?" என்று கேளுங்கள். திடலுக்கும் இதே கேள்விதான்: மாலையில் பெண்களுக்கென்று நேரம் உண்டா, அல்லது அணி வீராங்கனைகளுக்கு மட்டும்தானா? இவள் இலக்கிய மாணவி என்பதால் நாடகக் குழு, இதழ், விவாத மன்றம் போன்றவற்றில் சேர ஆசைப்படலாம். அவை எல்லாம் பெரும்பாலும் வகுப்பு முடிந்த பின்னரே கூடும். அவற்றில் சேர்ந்தால் விடுதிக்குத் தாமதமாக வர இசைவு தருகிறார்களா? விடுதியே வளாகத்துக்குள் இருக்கிறதா, அல்லது இரண்டு தெரு தள்ளித் தனிக் கட்டடத்தில் இருக்கிறதா? முதலாண்டு மாணவியருக்கெல்லாம் விடுதியில் இடம் உறுதியா, இல்லாவிட்டால் வெளியே தனியார் விடுதியில் சேர்க்க வேண்டியிருக்குமா? அப்படியானால் நீங்கள் பார்த்துவிட்டு வந்த வளாக வாழ்க்கையில் பாதி அவளுக்கு இல்லை. விடுதி விதிகள் அச்சில் இருக்கும். அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் மூவரும் உட்கார்ந்து படியுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: ஒரு வேளை மெஸ்ஸில் காசு கொடுத்துச் சாப்பிட்டுப் பாருங்கள், அதுவும் சாதாரண நாளின் இரவுச் சாப்பாட்டை. சைவத்துக்குத் தனி வரிசை உண்டா என்றும், குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் விடுதியின் ஒவ்வொரு தளத்திலும் இருக்கிறதா என்றும் பார்த்தால் போதும்.

உடல்நலத்தில் மட்டும் கொஞ்சம் அதிகமாகவே விசாரியுங்கள். இரவு பதினொரு மணிக்குக் காய்ச்சல் வந்தால் யாரை எழுப்ப வேண்டும், வண்டி உண்டா, எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள், உங்களுக்கு எப்போது தெரிவிப்பார்கள் என்பதை வார்டனிடமே கேளுங்கள். ஆறரைக்கே வாயிற்கதவைப் பூட்டிய அதே விடுதியில்தான், எனக்கு டைபாய்டு வந்தபோது வார்டன் சிஸ்டர் மூன்று இரவுகள் நோயாளி அறையில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நெற்றியில் ஈரத்துணியை மாற்றிக்கொண்டே ஜெபமாலை உருட்டுவார்; எனக்காக உருட்டுகிறார் என்பது தெரிந்தாலும் என்னை ஒரு வார்த்தை சொல்லச் சொன்னதில்லை. கஞ்சியில் உப்பு போதுமா என்று மட்டும் கேட்பார். துறவற சபைகள் நடத்தும் விடுதிகளில் இந்தக் கவனிப்பு இன்னும் பல இடங்களில் இருக்கிறது, அதன் அருமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மனநல ஆலோசகர் முழு நேரமாக இருக்கிறாரா, அவரிடம் பேசுவது ரகசியமாக இருக்குமா என்பதையும் கேளுங்கள். முதன்முதலாக வீட்டை விட்டுப் போகும் ஒற்றைப் பிள்ளைக்கு முதல் ஆறு மாதம் எளிதாக இருக்காது.

பாதுகாப்பு என்று கேட்டால், பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகக் குழுவின் உறுப்பினர் பெயர்களும் தொலைபேசி எண்களும் அறிவிப்புப் பலகையில் தெரியும்படி ஒட்டப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் குழுவைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ராகிங் தடுப்புக்கான தேசிய உதவி எண் 1800-180-5522; இதை மகளின் கைப்பேசியில் இப்போதே பதிந்து வைக்கச் சொல்லுங்கள்.

வருகைப் பதிவில் சேலத்துக் குடும்பங்கள் ஏமாறுவதுண்டு. 75 விழுக்காட்டுக்கும் மேல் வருகை கேட்கும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. கோட்டை மாரியம்மனுக்கு ஆடித் திருவிழா என்றால் நம் ஊருக்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள். பெங்களூரில் அன்று சாதாரண வேலை நாள். பொங்கலுக்கும் அங்கே நம்மைப் போல வரிசையாக விடுமுறை இருக்காது. பெரிய வெள்ளிக்கும் கிறிஸ்துமஸுக்கும்தான் அவள் வீட்டுக்கு வருவாள். சுமார் இருநூறு கிலோமீட்டர்தானே, ஓசூர் வழியாக நான்கு மணி நேரத்தில் பேருந்தில் வந்துவிடலாம் என்று நினைத்து, பாட்டி கூப்பிட்டதற்கும் அத்தை வீட்டு வளைகாப்புக்கும் அவளை வரவழைத்தால், பருவத் தேர்வின்போது அவள்தான் அலுவலக வாசலில் நிற்க வேண்டியிருக்கும். இதை மாமியாரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

கொலுசு கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பொட்டு, பூ ஆகியவற்றைக் கல்லூரி அளவில் பொதுவாகத் தடுப்பதில்லை. ஆடை விதிகள் பெரும்பாலும் கை, கழுத்து, துப்பட்டா ஆகியவற்றைப் பற்றியவை. கொலுசைத் தடுக்கும் இடங்களில் தடை சத்தத்துக்குத்தானே தவிர வெள்ளிக்கு இல்லை. தேர்வு அறையிலும் நூலகத்திலும் சலங்கைச் சத்தம் மற்றவர்களுக்கு இடையூறு என்பதில் நியாயமும் இருக்கிறது. அவள் அப்பாவே பட்டறைக்காரர்; சலங்கை கோக்காமல் மெல்லிய சங்கிலிக் கொலுசாக ஒரு ஜோடி செய்து கொடுக்கச் சொல்லுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, இடம் போய்விடும் என்ற அவசரத்தில் முழுக் கட்டணத்தையும் கட்டிவிட்டுப் பிறகு யோசிக்காதீர்கள். மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, அசல் சான்றிதழ்களை எந்த நிறுவனமும் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும். சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாட்களுக்கு முன்பே விலகினால், ஒரு சிறு நடைமுறைச் செலவு போகக் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்க வேண்டும் என்றும், நாள் ஆக ஆக அது குறையும் என்றும் அதே அறிவிக்கை சொல்கிறது. நடப்பாண்டுக்குரிய விதியையும் கடைசி நாளையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விடுதி முன்பணம் திரும்ப வருமா என்பதைத் தனியாகக் கேளுங்கள்.

கோரிமேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பெங்களூர் கிடைக்காவிட்டால் போகும் இரண்டாந்தர இடமாக அதை நினைக்காதீர்கள். விடுதி நேரம் சரிப்படவில்லை என்றாலோ, கட்டணத்துக்காகப் பட்டறையின் மேல் கடன் வாங்க வேண்டும் என்றாலோ, வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போய் நிம்மதியாகப் படித்து, முதுகலைக்கு வெளியூர் போகட்டும். விதிகளைப் படித்த பிறகும் அவளுக்கு ஆசை குறையாமல், உங்கள் கைக்கும் முடிந்தால், தயங்காமல் பெங்களூருக்கே அனுப்புங்கள். அங்கே பல மாநிலத்துப் பிள்ளைகளோடு ஒரே அறையில் இருந்து இலக்கியம் படிப்பது பெரிய வாய்ப்பு.

முடிவு செய்வதற்கு முன் இன்னொரு முறை போய் வாருங்கள், இந்த முறை வேலை நாளில். பிற்பகல் போய் இரவுச் சாப்பாடு வரைக்கும் இருங்கள். மாலையில் விடுதி வாயிலில், இரண்டாம் ஆண்டு படிக்கும் தமிழ்ப் பெண்கள் யாராவது இருந்தால் உங்கள் மகளை அவர்களோடு ஒரு மணி நேரம் தனியாகப் பேச விடுங்கள். அம்மா அப்பா பக்கத்தில் நின்றால் அந்தப் பெண்கள் "எல்லாம் நல்லா இருக்கும் ஆன்ட்டி" என்பதோடு முடித்துக்கொள்வார்கள். அந்த ஒரு மணி நேரம் நீங்கள் இருவரும் வெளியே போய்த் தேநீர் குடித்துக்கொண்டிருங்கள்.