வெள்ளைக்காரர் கொடுத்ததா?

அன்புள்ள ஐயா,

நம் சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தின் அடிப்படை உரிமைகள் மலேசியாவின் அரசமைப்பிலிருந்து எடுக்கப்பட்டவை என்று ஒரு பட்டிமன்றத்தில் சொன்னார்கள். அதுவும் வெள்ளைக்காரர் ஆண்ட நாடுதானே, அப்படியென்றால் மனித உரிமை என்பதே வெள்ளைக்காரர் நமக்கு விட்டுப்போன சொத்துதானா? ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்துக்கு இதில் பங்கு உண்டா?

எஸ்., ஈசூன்

அன்புள்ள எஸ்.,

பட்டிமன்றத்தில் சொன்னது சரிதான். 1965-இல் பிரிந்து வந்தபோது அந்த உரிமைப் பகுதியை அங்கிருந்து எடுத்துக்கொண்டோம், சொத்துரிமைப் பிரிவை விட்டுவிட்டு. மறு வருடமே, தனியார் நிலத்தை அரசு எடுத்துக்கொள்ள வழிசெய்யும் நில எடுப்புச் சட்டம் நிறைவேறியது. ஏன் விட்டார்கள் என்பது உங்களுக்கே புரியும். ஐ.நா. பிரகடனம் 1948-இல் வந்தது. எங்கள் வரிசை வீடுகளில் அதைக் கேள்விப்பட்டவர் ஒருவரும் இல்லை. அது கிடக்கட்டும்.

ஆனால் ‘வெள்ளைக்காரர் விட்டுப்போன சொத்து’ என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கொஞ்சம் படித்துவிட்டு எழுதக் கூடாதா? 1908-இல் இங்கே ஒரு சீனச் செல்வந்தரின் சொத்து வழக்கு நடந்தது. ஆறு பெண்கள் ‘நான்தான் விதவை’ என்று வந்து நின்றார்கள். வெள்ளைக்கார நீதிபதிகள் என்ன செய்தார்கள்? பலதார மணம் சீனர் வழக்கம் என்று ஏற்றுக்கொண்டு, விதவைக்கு உரிய மூன்றில் ஒரு பங்கை மனைவிகளுக்குள் பிரித்துக்கொள்ளச் சொன்னார்கள். அதன்பின் ஐம்பது வருடம் அப்படியே ஓடியது. நம்மவர்கள் மட்டும் யோக்கியமா? ஊரில் ஒருத்தி, இங்கே ஒருத்தி என்று இருந்தவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

அதை மாற்றியவர்கள் பெண்கள். 1952-இல் தொடங்கிய சிங்கப்பூர் மாதர் மன்றமும், பம்பாயில் பிறந்து இங்கே குடியேறிய ஷிரின் ஃபோஸ்தாரும் வருடக்கணக்கில் விடாமல் நச்சரித்தார்கள். 1959 தேர்தலில் வாக்களிப்பது கட்டாயமானது. அடுப்படியில் இருந்த பெண்ணும் சாவடிக்கு வந்தாக வேண்டும். அப்புறம் கட்சிகளுக்குக் காது கேட்காமல் இருக்குமா? அந்தத் தேர்தலில் வென்ற மக்கள் செயல் கட்சி ஒருவனுக்கு ஒருத்தி என்று வாக்குறுதி கொடுத்திருந்தது. அக்கட்சியின் சான் சோய் சியோங் போன்ற பெண்கள் சட்டமன்றத்துக்குள் போனார்கள். 1961 மே 24-இல் மாதர் சாசனம் என்ற சட்டம் நிறைவேறி, செப்டம்பர் 15-இல் நடப்புக்கு வந்தது. 1961 மார்ச் 2 அன்று மணமாகியிருந்த எவரும், அந்த மணம் நீடிக்கும்வரை இன்னொருவரைச் சட்டப்படி மணக்க முடியாது என்று தேதி போட்டே எழுதினார்கள். அரசமைப்பின் உரிமைப் பகுதி வருவதற்கு நான்கு வருடம் முன்பு! (முஸ்லிம்களின் மண விவகாரத்துக்குத் தனிச் சட்டம், அதை இன்னொரு நாள் பேசலாம்.)

எங்கள் வரிசையில் ஒருவரை எல்லோரும் சின்னம்மா என்போம். இரண்டாம் தாரம். அவர் கணவர் இறந்தபோது எனக்குப் பத்து வயது இருக்கும். இங்கிலீஷ் தெரிந்த பையன் என்று, கணவர் வேலை பார்த்த இடத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். பதிவேட்டில் மனைவி என்று இருந்தது தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண்ணின் பெயர். சின்னம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, கழற்றி வைத்திருந்த தாலியை மேசைமேல் வைத்தார். கிராணி (அலுவலகக் குமாஸ்தா) அதைப் பேனா முனையால் எங்கள் பக்கம் தள்ளி, காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். நான்தான் அதைத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

சாசனம் வந்தபின் திருமணப் பதிவு கட்டாயமானது. சில வருடம் கழித்துச் சின்னம்மாவின் மகளுக்குக் கோயிலில் கல்யாணம். மேளக்காரர்கள் வந்தாயிற்று, ஐயர் அவசரப்படுத்துகிறார். சின்னம்மா மாப்பிள்ளை வீட்டாரை மறித்துக்கொண்டு, “ரிஜிஸ்டர் பண்ணின பேப்பரைக் கண்ணுல காட்டுங்க, அப்புறம் பொண்ணை மணையில உட்கார வைக்கிறேன்” என்று கத்தினார். எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாதவர். காகிதத்தை வாங்கி என்னிடம்தான் நீட்டினார்.